மணலும் வாங்கும்

விஜயதசமியன்று நாம் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தும் இரவல் வகுப்பறையில் சிறுவர்களுக்கு ஏடு தொடக்கினோம். தாம்பாளத்தில் பச்சையரிசியைப் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையின் சுட்டுவிரலையும் பிடித்து 'அ' எழுதுவித்தார் வயதான ஆசிரியர் ஒருவர். பெற்றோர் படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து அரிசியைப் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்தபோது எட்டு வயதுப் பிள்ளையொன்று கேட்டது: “ஏடு எங்கே?”

“அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறது, பிள்ளை” என்று ஆசிரியர் சிரித்துச் சமாளித்தார்.

பேச்சுக்குச் சொல்லுவதுதான். ஏடும் எழுத்தாணியும் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. சொல் மட்டும் எம்மோடு கப்பலேறி வந்திருக்கிறது. எமது வகுப்பறைக்குள் கிடக்கும் பொருட்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், எம்மை ஆண்டவர்களின் வரிசையும் கூடவே வரும். வாங்கும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். சிலேட்டும் பென்சிலும் கொப்பியும் ஆங்கிலேயருடையவை. ஏடும் மணலும் மட்டுமே எமக்கு முந்தையோர் தந்தவை. இந்தப் பொருட்களின் கதையைச் சொல்லப்போனால், யார் எதில் எழுதினார்கள் என்பதோடு, யாரை எழுத விட்டார்கள் என்பதும் வந்து சேர்கிறது.

மணல்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் தொட்டது ஏட்டை அல்ல, மணலை. தரையில் மணலைப் பரப்பி, வாயால் எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதும். பிழைத்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதும். காசு செலவில்லை. பிழையின் தடயமும் மிஞ்சாது. கை பழகிய பின்னர்தான் பனையோலை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடப் பெருவிரலால் எழுத்தாணியின் முனைக்கு முட்டுக் கொடுத்து, எழுத்தாணியை அசைத்து ஓலையை மெல்ல நகர்த்தி எழுதவேண்டும். எழுதி முடித்த கீறலுக்குள் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும்.

ஓலையில் புள்ளி வைப்பது வழக்கமில்லை. குற்றினால் ஓலை பொத்துப்போகும். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் தெளிவாகக் காட்டப்படவில்லை. ஆகவே ஓலையில் 'கொல' என்றிருந்தால் அது கொல்லா, கோலா என்பதை இடம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இதனால் ஏட்டை வைத்திருப்பவன் எல்லாம் ஏட்டை வாசித்துவிட முடியாது. பக்கத்தில் ஆசிரியரின் வாய் வேண்டும். எண்சுவடியும் அப்படித்தான். முந்திரி என்பது 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று என்ற கீழ்வாய்க் கணக்குகளைப் பிள்ளைகள் கூட்டமாக முறை வைத்துப் பாடி மனதில் ஏற்றினார்கள். அந்நாளின் முதன்மையான கல்விக் கருவி ஞாபகம்தான். ஓலை அதற்குத் துணை.

மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே வழக்கம். தமிழகத்தில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே சட்டம்பியார் என்று அழைத்தோம்.

இந்த மணலும் இந்தச் சட்டாம்பிள்ளையும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நீண்ட பயணம் போய்வந்தன. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதியைப் பொறுப்பேற்றார். பெரும்பாலானோர் ஐரோப்பியச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களிடம் பெற்ற பிள்ளைகள். ஒருநாள் அவர் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கடந்து போனார். தமிழரை அக்கால ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தார்கள். அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தன் விடுதியிலும் அப்படியே செய்யுமாறு ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே விடுதியிலிருந்த ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை இளையவர்களுக்கு ஆசிரியனாக்கினார். சிறுவன் வென்றான்.

பெல் இங்கிலாந்துக்குத் திரும்பி 1797இல் இந்த அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் நிலைத்தது. அதே காலத்தில் லண்டனில் யோசேப் லங்காஸ்ரர் என்பவரும் இதையொத்த முறையில் பள்ளிக்கூடம் நடத்தினார். இருவரின் ஆதரவாளர்களும் யார் முந்தியவர் என்று பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையில் எழும்பூர்ப் பக்கத்துத் திண்ணை வாத்தியாரின் பெயரை எவரும் கேட்கவில்லை. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த தேசிய சங்கம் பெல்லின் முறையைக் கைக்கொண்டது. தொழிற்சாலை நகரங்களின் ஏழைப் பிள்ளைகள் மணற்தட்டுகளின் முன் வரிசையாக நின்று எழுத்துப் படித்தார்கள். ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையில் சட்டாம்பிள்ளைகள். பெல் 1832இல் இறந்தபோது கல்விக்கென விட்டுச்சென்ற செல்வம் 1,20,000 பவுண். அவருடைய உடல் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சென் அன்ட்ரூஸ் நகரில் அவருடைய பணத்தில் எழுந்த பாடசாலை இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

இதைச் சொல்லி 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரனுக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம்' என்று மார்தட்டலாம். எம்மவர் மேடைகளில் அது நன்றாக எடுபடும். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூட அவசியமில்லை, வேதத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற கருத்தையும் இதே பெல்தான் பின்னர் எழுதினார். மணல் மலிவு, ஆகவே ஏழைக்குக் கற்பிக்கலாம். எவ்வளவு கற்பிப்பது என்பதை மணல் தீர்மானிப்பதில்லை. எமது திண்ணையிலும் இதுதான் நிலைமை. திண்ணை ஒருவருடைய வீட்டுத் திண்ணை. அதில் யார் ஏறலாம் என்பது ஊருக்குத் தெரியும். மணல் எல்லோருடைய முற்றத்திலும் கிடந்தது, எழுத்து சிலருடைய முற்றத்தில் மட்டுமே இருந்தது.

அச்சு

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை. ஆரம்பக் கிராமப் பள்ளிகளில் அவர்களும் மணலையும் ஓலையையுமே நம்பியிருந்தார்கள். 1820இல் அவர்களுக்கென வந்த அச்சுத் தொழிலாளரைப் பிரித்தானிய அரசு தங்க அனுமதிக்காமல் வெளியேற்றியது. அச்சுக்கூடம் எவ்வளவு வலிமையான பொருள் என்பது ஆள்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் 1830களில் மானிப்பாயில் மிசன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் உதயதாரகை வந்தது.

அச்சின் வலிமையை எம்மவரில் முதலில் முழுமையாக உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். மிசன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர். எதிராளியின் கருவியை உள்ளிருந்தே கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். தொடர்ந்து பாலபாடங்கள் அச்சாகின. படிமுறையாக ஒன்று, இரண்டு என வகுத்து, உரைநடையில், நிறுத்தக் குறிகளோடு அமைந்த பாடப்புத்தகம் அது.

இந்த அச்சகங்களுக்கு முந்தியே, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஒகரக் குறில் நெடில்களை வேறுபடுத்தும் வடிவத்தைக் கொடுத்திருந்தார். ஈய எழுத்துக்குப் புள்ளி வைத்தால் தாள் பொத்துப்போகாது. இப்போது கொல் என்பது கொல்தான், கோல் என்பது கோல்தான். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலும் ஒரு பிள்ளை மூலைக்குள் இருந்து வாசிக்கலாம் என்ற நிலை வந்தது. எமது கல்வி வரலாற்றில் பெரிய மாற்றம் எதுவென்று கேட்டால் நாம் அதைத்தான் சொல்வோம். இங்கும் ஒரு கசப்பு உண்டு. அச்சைச் சைவப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த நாவலர், சாதி ஒழுங்கை மாற்ற நினைத்தவரல்லர். அவருடைய பாலபாடத்தின் அச்செழுத்து எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரிந்தது. ஆனால் அது எல்லோருடைய கையிலும் கொடுக்கப்படவில்லை.

சிலேட்டு மணலின் இடத்துக்கு வந்தது. வேல்ஸ் மலைகளில் உடைத்தெடுத்த கல் உலகெங்கும் பள்ளிக்கூடங்களுக்குப் போன காலம் அது. மணலைப்போல அதிலும் எழுதி அழிக்கலாம். கூடுதலாக, கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் போகலாம். எச்சில் தொட்டு அழிக்காதே என்று அடிவாங்காத பிள்ளை கிடையாது. சுவரில் கரும்பலகை ஏறியது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் பிலன்ஸ் என்ற தலைமை ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கக் கரும்பலகையும் நிற வெண்கட்டிகளும் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். அதுவரை ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இப்போது எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார். எல்லோரும் ஒரு திசையைப் பார்த்து இருக்கவேண்டிய தேவை வந்தது. இருப்பதற்கு வாங்கு வேண்டியிருந்தது.

வாங்கு

வாங்கைக் கல்விக் கருவி என்று எவரும் எண்ணுவதில்லை. யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் மணலையும் ஓலையையும் அச்சையும்விட அதிகம் சண்டை மூட்டிய கருவி அதுதான்.

1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அடுத்த ஆண்டிலிருந்து, பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பாடசாலைகளுக்கு அரசு உதவிப் பணம் வழங்கும் முறை வந்தது. வித்தியாதரிசி வரும் நாளில் கரும்பலகைக்குக் கரி பூசி, பிள்ளைகளுக்குத் தலைசீவி நிறுத்துவார்கள். இப்படி அரசின் பணத்தில் நடந்த பாடசாலைகளிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருத்தப்பட்டார்கள். சில இடங்களில் வாசலுக்கு வெளியே. அனுமதிக்கப்படாத இடங்களும் ஏராளம். மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள். ஒரே கரும்பலகை, ஒரே பாலபாடம், ஒரே வாத்தியார், இரண்டு உயரங்கள்.

1930ஆம் ஆண்டை ஒட்டி, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசு பணித்தது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் ஆதரித்தது. சைவப் பெரியவர்கள் எனப்பட்டோர் பலர் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். சில பாடசாலைகள் தீ வைத்துக் கொளுத்தப்பட்டன. ஒரு பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளை ஒரே பலகையில் இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்கள் எம்மவர்கள். 1981இல் 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரவும் வேண்டும். அந்தச் சிறு பள்ளிக்கூடங்களின் சாம்பலுக்கு மட்டும் எமது நாட்காட்டியில் ஒரு நாள் கிடையாது.

சட்டம் வந்ததும் மனம் மாறிவிடவில்லை. எழுத்தாளர் டொமினிக் ஜீவா, சாதி சொல்லி ஆசிரியர் இழிவுபடுத்தியதால் சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுப் போனதை எழுதியிருக்கிறார். பிரம்பும் நாக்கும்கூட வகுப்பறைக் கருவிகள்தான். எல்லாக் கருவியும் மாறியபோதும் நீண்டகாலம் மாறாமல் நின்றவை அவையிரண்டும்.

கொப்பி

1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியில் படிக்கும் வழி திறந்தது. 1980இல் பாடப்புத்தகங்களும் இலவசமாயின. முன்னர் தரையில் இருந்தவர்களின் பிள்ளைகள் கொம்பாஸ் பெட்டியோடு உயர்வகுப்புக்கு ஏறினார்கள். அதற்குள் வேறொரு வேறுபாடு முளைத்திருந்தது. ஆய்வுகூடம் உள்ள பாடசாலை, இல்லாத பாடசாலை. நகரத்தில் பிள்ளை பியூரெட்டைத் திருகி அமிலத்தைச் சொட்டவிட, வன்னியில் பிள்ளை அதன் படத்தைக் கொப்பியில் கீறிப் பாடமாக்கியது.

1970களின் தரப்படுத்தலோடு பல்கலைக்கழக வாசல் ஒடுங்க, ரியூட்டறிகள் பெருகின. ஓலைக் கொட்டிலுக்குள் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், ஒலிவாங்கி பிடித்த ஆசிரியர், றோணியோ நோட்ஸ். மெழுகு பூசிய ஸ்ரென்சில் தாளில் தட்டச்சுச் செய்து, உருளையில் மாட்டிச் சுற்றினால், மை மணக்கும் பிரதிகள் வந்து விழும். தமிழ்த் தட்டச்சுக்கு வழிகாட்டியவரும் ஒரு புலம்பெயர்ந்தவரே. சுண்டிக்குளியில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா 1930களில் அதன் விசைப்பலகையை அமைத்தார். றோணியோ எந்திரத்தில் இரவில் வேறு தாள்களும் ஓடின. துண்டுப் பிரசுரமும் நோட்ஸும் ஒரே மையில் வந்த காலத்தை எம்மில் பலர் வாழ்ந்திருக்கிறோம்.

1990இல் யுத்தம் மீண்டும் வெடித்தது. குடாநாட்டின் மின்சாரம் போனது, மண்ணெண்ணெய் தடைப்பட்டியலில் ஏறியது. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கின் முன் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, போய்ச் சேர்ந்த இடங்களில் மர நிழல்களில் வகுப்புகள் நடந்தன. 2009இல் வவுனியா முள்வேலி முகாம்களுக்குள் இருந்தும் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள்.

இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென்றே ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. 'பெட்டிக்குள் பள்ளிக்கூடம்' என்று அதற்குப் பெயர். 40 பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில், கத்தரிக்கோல், மரத்தாலான மணிக்கூடு எல்லாம் அதற்குள் இருக்கும். கூடவே ஒரு பூச்சும் வரும். அதைப் பெட்டியின் மூடியில் பூசினால் மூடியே கரும்பலகை. 2004 கடற்கோளின் பின்னர் எமது கரைகளுக்கும் இந்தப் பெட்டிகள் வந்தன. அகதி வாழ்வை இவ்வளவு நன்றாக விளங்கிக்கொண்ட வேறொரு வகுப்பறைக் கருவி கிடையாது. ஓடவேண்டி வந்தால் பள்ளிக்கூடத்தை மூடித் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

இரவல் பலகை

இங்கே எமது பள்ளிக்கூடமும் ஏறத்தாழ அப்படித்தான். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனபின், சனிக்கிழமை காலையில் திறப்பு வாங்கி உள்ளே நுழைவோம். ஆரம்ப நாட்களில் பலகையின் பெரும்பகுதியில் வார நாள் ஆசிரியர் எழுதியது இருக்கும். பக்கத்தில் 'அழிக்கவேண்டாம்' என்று அவர்களின் மொழியில் ஒரு குறிப்பு. மிச்சமிருந்த மூலைக்குள் அ, ஆ, இ, ஈ எழுதினோம். இன்று அதே சுவரில் பெரிய மின்திரை தொங்குகிறது. அதற்குக் கடவுச்சொல் உண்டு. அது எமக்குத் தரப்படவில்லை. மூலை கிடைத்த காலமே பரவாயில்லை என்று ஆசிரியர் ஒருவர் பகிடியாகச் சொல்வார்.

ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரேயொரு பாலர் பாடநூலைப் போட்டோகொப்பி எடுத்து எடுத்து, படத்திலிருந்த பசு கறுப்பு மேகமாகிப் போனது. பின்னர் கணினி வந்தது. ஒருவர் தட்டியது மற்றவரின் கணினியில் குறுக்கெழுத்தாகத் தெரிந்த எழுத்துருக் குழப்பத்தோடு ஆண்டுகள் போயின. யூனிகோட் பரவியபின் அது தீர்ந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் எரியாமல் தப்பிய எத்தனையோ ஈழத்து நூல்களைத் திறந்து பார்க்கலாம். 2020இல் நோய்ப்பரவல் வந்தபோது வகுப்பறைத் திறப்பும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மேசையில் இருந்து 'வணக்கம் டீச்சர்' என்றது. கருவிக்கு இனி எமக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை தமிழில் பேசுகிறது, செய்தி அனுப்பும்போது ஆங்கில எழுத்தில் அனுப்புகிறது. அம்மம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கண்ணாடித் திரையில் விரலை வைத்தால் தமிழ் எழுத்து வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். விரலைப் பிடித்து அந்த எழுத்தை எழுதுவிக்க, வாரத்தில் இரண்டு மணிநேரம் எமக்குக் கிடைப்பதில்லை. சனிக்கிழமையும் வேலை. வேலையில்லாத சனிக்கிழமையில் கணக்கு ரியூசன், நீச்சல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. புதிதாகச் சேரும் பிள்ளையின் பெற்றோரிடம் 'ஊரிலை எவடம்?' என்று கேட்கிறோம். ஊரின் பெயரோடு நின்றுவிடாமல் எந்தக் கோயிலடி, எந்த வீதி என்று கேள்வி இறங்கிக்கொண்டே போகும். கேட்பவருக்கு எது தெரியவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பின் அடுத்த கிழமை வராமல் விட்ட பிள்ளைகள் உண்டு. யாரும் தடுக்கவில்லை. கதிரை எல்லாம் ஒரே உயரந்தான். வார நாள் பள்ளிக்கூடத்தாரின் கதிரை அல்லவா! ஆனாலும் ஒரு பிள்ளை தரையில் இருத்தப்பட்டதாகத்தான் நாம் அதை எண்ணுகிறோம். பள்ளிக்கூடம் நடத்தும் எமக்கும் அதில் பங்குண்டு. கேட்டவர் எம்மில் ஒருவர். நாம் பேசாமல் இருந்தோம்.

அண்மையில் எமது பிள்ளைகள் போகும் பாலர் வகுப்பில் ஒரு தட்டு நிறைய மணல் வைத்திருப்பதைப் பார்த்தோம். விரலால் எழுதிப் பழகினால் கைத்தசை உறுதிப்படும், எழுத்து மனதில் பதியும் என்று ஆசிரியை விளக்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளும் அங்கே இருந்தன. மொன்ரிசோரி அம்மையார் புகுத்தியவை. அவரும் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து யுத்தகாலம் முழுவதும் இந்தியாவில் தங்கிக் கற்பித்தவர். எம்மோடு வந்திருந்த தாயொருவர் மெல்லிய குரலில் கேட்டார்: “இவ்வளவு காசு கட்டி மண் விளையாடவோ விடுகினம்?”

அவருக்குப் பெல்லின் கதையை அன்று சொல்ல நேரமிருக்கவில்லை. ஏடு எங்கே என்று கேட்ட பிள்ளைக்கு மட்டும் அடுத்த சனிக்கிழமை ஒரு பனையோலைத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஊருக்குப் போய்வந்தவர் கொண்டுவந்த நீத்துப்பெட்டியிலிருந்து கழன்ற ஓலை அது. பிள்ளை அதை மணந்து பார்த்தது. பேனையால் கீறிப் பார்த்தது. பிறகு தன் கதிரையில் சற்று ஒதுங்கி, பக்கத்தில் நின்ற புதிய பிள்ளைக்கு இடம்விட்டு, “நீயும் எழுது” என்று அதனிடம் ஓலையைக் கொடுத்தது. அந்தப் பிள்ளையின் ஊர் எதுவென்று நாம் கேட்கவில்லை.